எனக்கு வராத மஞ்சள் காமாலை

பிள்ளைகளே, அறுவடைக்கு அறுவடை ஏரிக்கரையைச் சுற்றி மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறோமே, அதற்குக் காரணம் உங்கள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வராததுதான். வந்திருந்தால் இன்றைக்கும் வண்டியிலேயே போய் வந்துகொண்டிருப்போம்.

நம் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை ஏழுமலையின் கொல்லை ஓரமாக ஓடியது. அதில் நான் கால் வைக்கக் கூடாது என்று அவன் வழக்குப் போட்டான். எனக்கு நோட்டீசு வந்தது. மேலே 'விழுப்புரம் மாவட்டம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'திண்டிவனம்' என்று போட்டிருந்ததை யார் படித்தார்கள்? (பத்தாவது வரை படித்தவன் என்ற பெருமை வேறு.) சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, திண்டிவனத்துக்கு நேர் எதிர்த் திசையில் போய் விழுப்புரத்தில் இறங்கினேன்.

அங்கே கோர்ட்டு வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. ஏழுமலையும் வரவில்லை. பயந்துபோய் வழக்கை விட்டுவிட்டான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். திரும்பும்போது கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "கேஸு ஜெயிச்சிட்டேன்!" என்றேன்.

அதே நாளில் திண்டிவனத்தில் என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆள் இல்லை. ஏழுமலை சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிட்டது. மாதங்கள் கழித்துப் பாதையில் முள்வேலி முளைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். தீர்ப்பை ரத்து செய்ய ஒரு மனு, இவ்வளவு தாமதமாக வந்ததை மன்னிக்க இன்னொரு மனு என்றார். ஏன் தாமதம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவருடைய குமாஸ்தா சம்பந்தம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மஞ்சள் காமாலை வந்து நாட்டு வைத்தியத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்தேன் என்று டைப் அடிக்கத் தொடங்கினார்.

"ஐயோ, எனக்குக் காமாலையே வர்லீங்க!"

"யாருக்குத்தான் வந்துச்சி? நாட்டு வைத்தியத்துக்கு ரசீது கேக்க மாட்டாங்க. ஜல்தியா கையெழுத்து போடுங்க."

"நெஜம் இன்னாவோ அத எழுதுங்க. நாளைக்கி எம் புள்ளைங்க மூஞ்சில முழிக்கணும்."

வக்கீல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எழுதிடு சம்பந்தம். அவரு நெலம், அவரு பேஜாரு."

விசாரணையன்று எனக்கு முன்னால் இன்னொருவர் மனு. அவருக்குக் காமாலை, அதுவும் ஒரு வருஷமாக. ஆள் தூண் மாதிரி நின்றிருந்தார். கன்னம் பளபளத்தது. மனு ஏற்கப்பட்டது.

அடுத்து நான்.

"இவர் ஏன் வரவில்லை?" என்றார் நீதிபதி.

"விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய்விட்டார், ஐயா" என்றார் என் வக்கீல், தரையைப் பார்த்துக்கொண்டு.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி என்னையே கேட்டார்: "அங்கே என்ன செய்தீர்கள்?"

"உக்காந்துக்கினு இருந்தேங்க."

"யாரையாவது விசாரித்தீர்களா?"

"இல்லீங்க. கேஸு முடிஞ்சிபோச்சின்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேங்க." (கேட்டாரா? கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

ஏழுமலையின் வக்கீலுக்கு வேலையே இல்லை. "மனுதாரரே தன் அலட்சியத்தை ஒப்புக்கொள்கிறார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். போதிய காரணம் இல்லையென்று என் மனு தள்ளுபடியானது.

வெளியே வந்தேன். காமாலைக்காரர் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு நின்றார். என் தோளில் எண்ணெய்க் கையை வைத்தார்.

"இன்னா அண்ணே, காமாலைன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமில்ல?"

மேல்கோர்ட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்லை. வேலி இன்னும் இருக்கிறது. எதிரே வந்தால் ஏழுமலை, "ஒடம்பு எப்பிடிக்கீது?" என்று அக்கறையாக விசாரிக்கிறான். உங்கள் அம்மா அன்றைக்குத் தூக்கிய மூட்டையை இன்னும் இறக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

உண்மையே பேசுங்கள் என்று உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று சின்னவள், பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தாள். பேனாவை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நீ வேணாம்ப்பா, அம்மா எழுதட்டும். நீ நெஜத்த எழுதிடுவ."