நினைவில்லாத மனைவி

பதினெட்டாவது அழுத்தத்தில் குக்கர் விசிலடித்தது. நீச்சல் பயிற்சியாளர் தலையணையிலிருந்து கையை எடுக்காமல் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அந்த அடுப்பைக் கொஞ்சம் நிறுத்தேன்."

ஹால் தரையில் மல்லாந்து கிடந்த மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்குத்தான் நினைவே இல்லையே. எப்படி எழுந்திருக்கிறது?"

நியாயம்தான். அவரே ஓடினார். திரும்பி வந்ததும் எண்ணிக்கை மறந்துபோய் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

மூச்சு நின்றவரைப் பிழைக்க வைக்கிற முதலுதவித் தேர்வுக்கான பயிற்சி அது. பாஸானால்தான் குளத்தில் வேலை. இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து வாசலில் உட்கார்ந்து துண்டு கொடுக்க வேண்டும். பதினாறு வருஷமாக நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

நன்றாக இருப்பவர்கள் நெஞ்சில் அழுத்திப் பழகக் கூடாது என்று வகுப்பில் எச்சரித்திருந்தார்கள். ஆகவே தோளைத் தட்டுவதும் மூச்சைப் பார்ப்பதும் மனைவியிடம்; அழுத்துவது பக்கத்திலிருந்த தலையணையில். தினமும் ஒரு மணி நேரம். தனக்காக வெறுந்தரையில் கிடக்கிறாளே என்று அவருக்கு மனசு உருகிப்போயிற்று.

அவளும் நோயாளி வேஷத்தில் ஒரு குறை வைக்கவில்லை. வாஷிங் மெஷின் கத்தியது. அவருடைய அம்மா மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றார். மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டாள். அசைந்தாளா? ஊஹும். எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுந்தார்.

பழக்கம் பொல்லாதது. முதல் தேர்வில், பொம்மையின் நெஞ்சைப் பதினெட்டு முறை அழுத்திவிட்டுச் சடாரென்று எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

"எங்க சார் போறீங்க?" என்றார் தேர்வாளர்.

"அடுப்பு..."

ஃபெயில்.

மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். மனைவி ஒற்றைக் கண்ணைத் திறந்து, ஆபத்து என்ன அடுப்பை அணைத்த பிறகா வரும் என்று கேட்டாள். மறுபடி பற்றவைத்தார். விசிலுக்கு முன்னால் ஒரு சுற்றுக்கான முப்பது அழுத்தத்தையும் முடித்துவிட வேண்டுமென்று அடித்து இறக்கினார். இரண்டாவது தேர்வில் அதே வேகம். நெஞ்சு மேலே எழும்பவே விடவில்லை என்று அதற்கும் ஃபெயில்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அப்போதுதான் வகுப்பில் சொன்ன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது: பொத்தாம்பொதுவாக உதவி கேட்கக் கூடாது, ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து கை நிற்காமல் அதிகாரம் பறந்தது. பச்சைச் சட்டை மகள் அடுப்பை அணைத்தாள். அம்மா தன் கண்ணாடியைத் தானே தேடிக் கண்டுபிடித்தார். மனைவி லேசாகக் குறட்டைகூட விட்டாள். நினைவில்லாதவர்கள் அப்படி மூச்சு விடுவதுண்டு, எவ்வளவு தத்ரூபம் என்று அவர் வியந்துபோனார்.

மூன்றாவது தேர்வில் தேர்வாளரை நோக்கித் தலையை ஆட்டி, "கண்ணாடி போட்டவர், நீங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க. அப்படியே அடுப்பையும் அணைச்சிடுங்க," என்றார். கை ஒரு நொடியும் நிற்கவில்லை. தேர்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. சான்றிதழ் அச்சடிக்கிற பெண்ணிடம், இதெல்லாம் தன் மனைவி பட்ட கஷ்டம் என்றார்.

அந்தப் பெண் இன்னொரு தாளையும் சேர்த்து நீட்டினாள்.

"அவங்க காலையிலேயே போன் பண்ணிட்டாங்க சார். பாஸானாலும் தினம் ஒரு மணி நேரம் வீட்ல பயிற்சி கட்டாயம்னு எழுதிக் கொடுக்கணுமாம். இந்த வாரத்துல இப்படிக் கேட்ட நாலாவது வீட்டம்மா அவங்க."