நாரைகள் பிறந்த வருஷம்

“நாலாவது தடவையும் அழிச்சுட்டான், டோரீன்!”

ஆர்லோ பெக்மன் முறைத்த முறைப்பில் கணினித் திரை அணைந்து போகாதது ஆச்சரியம்தான். சமையலறையில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி டோரீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரு, அந்தக் கள்ளிச்செடியா?”

“அவனேதான். கள்ளிச்செடி எழுபத்தேழு. சொந்தப் பேரைப் போடக்கூட தைரியம் இல்லாதவன்!”

விஷயம் இதுதான். அயோவாவிலுள்ள ஆல்டர்ஃபோர்டு ஊருக்கு ‘நாரைகள்’ என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. 1989-இல் அதன் முதலாளி அணியை அப்படியே பெயர்த்துக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். பெயரையாவது விட்டுவிட்டுப் போனாரா என்றால் அதுவும் இல்லை. சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் ‘சன் மேசா நாரைகள்’ இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அதைக்கூட ஆர்லோ பொறுத்துக்கொண்டார். ஆனால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த அணியைப் பற்றிய கட்டுரை, ‘1990-இல் சன் மேசாவில் தொடங்கப்பட்டது’ என்று ஆரம்பித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, ஆட்ட நாட்களில் ஸ்கோர் பலகையில் எண் மாட்டியவர் அவர். ஒன்றல்ல, இரண்டல்ல, பத்தொன்பது வருஷம். ஒருமுறை, ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் இருபத்துமூன்று வரை இழுத்துக்கொண்டு போய், பலகையில் இடம் தீர்ந்துவிட்டது. போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மிச்ச ஓட்டங்களை அதில் எழுதித் தூக்கிக் காட்டினார். அணியே 1990-இல்தான் பிறந்தது என்றால் அந்தச் சட்டை யாருக்காக நாசமானது?

அதனால் ‘1932-இல் ஆல்டர்ஃபோர்டில் பிறந்தது’ என்று எழுதினார். அழிந்தது. ‘நானே கண்ணால் பார்த்தவன்’ என்று சேர்த்து எழுதினார். அதுவும் அழிந்தது. எரிச்சல் என்னவென்றால், அந்தப் புனைபெயரில் அழித்துக்கொண்டிருந்த கள்ளிச்செடி மரியாதை தெரிந்த ஆசாமி.

‘ஐயா, நினைவு ஆதாரம் ஆகாது. அச்சில் வந்த செய்தியோ, நல்ல புகைப்படமோ இருந்தால் தயவுசெய்து சேர்க்கவும்.’

புகைப்படம்தானே? பரணில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஸ்கோர் பலகைக்கு முன்னால் ஆர்லோ வாயெல்லாம் பல்லாக நிற்கும் படத்தை ஏற்றினார். பத்தே நிமிஷத்தில் கேள்வி வந்தது: ‘படம் எடுத்தவரின் அனுமதி இருக்கிறதா?’

எடுத்தவர் டோரீன்.

“தர்றேன். அதுக்கு முன்னாடி கூரைத் தண்ணி ஓடுற தகரக் குழாயில அடைச்சிருக்கிற இலையை எல்லாம் அள்ளிப் போடு. ஏப்ரல்லேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்.”

ஒரு சனிக்கிழமை முழுக்க ஆர்லோ ஏணியில் இருந்தார். சாயங்காலம் அனுமதி கிடைத்தது, படமும் ஏறியது. மறுநாள் காலை கட்டுரையில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

‘இந்த அணி ஆல்டர்ஃபோர்டில் ஆடியதற்கு ஆதாரம் கிடைத்துள்ள ஒரே ஆட்டத்தில், நாரைகள் 14-0 என்று தோற்றன.’

ஆர்லோ படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால், அவரே கைப்பட மாட்டிய எண்கள்.

டோரீன் சிரித்த சிரிப்பில் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று. “பதினாலு வாங்கிட்டு இப்படி இளிச்சுக்கிட்டு வேற நிக்கிறியே!”

“நீதானே சிரி, சிரின்னு சொன்ன!”

இனி அச்சுதான் கதி என்று ஊரின் வாரப் பத்திரிகைக்கு ஓடினார். அதன் ஆசிரியை மார்னிக்குச் சோள விலையைத் தவிர அந்த வாரம் எழுத வேறு செய்தி இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, அரைப்பக்கம் எழுதினாள். வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. தலைப்பு பிரமாதம். சட்டைக் கதையும் இருந்தது. ஆனால் முதல் வரியில், ‘1912-இல் பிறந்த நாரைகள்’.

“முப்பத்திரண்டு எங்கே, பன்னிரண்டு எங்கே!” என்று ஆர்லோ தலையில் கைவைத்துக்கொள்வதற்குள் கள்ளிச்செடி முந்திக்கொண்டது. ‘1912-இல் ஆல்டர்ஃபோர்டில் பிறந்தது’ என்று தானே எழுதி, பத்திரிகையை ஆதாரமாகக் காட்டி, ‘மிக்க நன்றி ஐயா’ என்றும் சொல்லியிருந்தது.

ஆர்லோ ஒரு ஸ்கோர்க்காரர். தப்பான எண்ணைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. 1932 என்று திருத்தினார். ‘ஐயா, நினைவு ஆதாரம் ஆகாது’ என்று பதில் வந்தது. மறுபடி திருத்தினார். மறுபடியும். கடைசியில், ஆதாரமுள்ள தகவலைக் கெடுப்பதாகச் சொல்லி மூன்று நாள் அவரைத் தடை செய்துவிட்டார்கள்.

அந்த மூன்று நாளில் மேயர் பத்திரிகையைப் படித்துவிட்டார். ஊர் எல்லையில், ‘நாரைகளின் தாயகம், 1912 முதல்’ என்று நெடுஞ்சாலைக்கே தெரிகிற மாதிரி பலகை எழுந்தது. திறப்பு விழாவுக்கு ஆர்லோதான் பேச்சாளர்.

“வருஷம் தப்புன்னு மேடையில சொல்லிடப்போறேன்” என்றார், டையை இறுக்கிக்கொண்டே.

“சொல்லு, சொல்லு. பெயின்டு காயறதுக்குள்ள சொல்லு” என்றாள் டோரீன்.

சொல்லத்தான் மேடை ஏறினார். ஆனால் மைக் கைக்கு வந்ததும், எதிரே முந்நூறு பேர் பழைய நாரைத் தொப்பிகளோடு எழுந்து நின்று கைதட்டியதும் அவருக்குள் என்னவோ புகுந்துகொண்டது.

“ஒரு டீம் எந்த ஊர்ல பொறந்துச்சோ அந்த ஊருக்குத்தான் சொந்தம்!” என்று முழங்கினார். “நடுவுல வந்து தூக்கிட்டுப் போனவங்களுக்குப் பேரு ரசிகருங்க இல்ல, திருடங்க! எத்தனை வருஷம் ஆனாலும் திருட்டு திருட்டுதான்!”

தொப்பிகள் வானத்தில் பறந்தன. வருஷத்தைப் பற்றிப் பேச ஆர்லோவுக்கு நினைவே வரவில்லை.

அந்தப் பேச்சும் பத்திரிகையில் முழுசாக வந்தது. தடை நீங்கி அவர் கணினியைத் திறந்தபோது கள்ளிச்செடியின் கடிதம் காத்திருந்தது. ‘ஐயா, உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அணி பிறந்த ஊருக்கே அதன் வரலாறு உரியது. கட்டுரையின் முதல் பத்தியில் உங்கள் வார்த்தைகளையே மேற்கோளாகப் போட்டுவிட்டேன். இனி யாரும் மாற்ற முடியாதபடி பக்கத்தைப் பூட்டவும் செய்தாயிற்று.’

ஜெயித்தாயிற்று! ஆர்லோ இரண்டு கோப்பை காபி குடித்தார். மூன்றாவது கோப்பை இறங்கவில்லை. பலகையில் தப்பு எண் தொங்கும்போது எந்த ஸ்கோர்க்காரனுக்குத்தான் காபி இறங்கும்? தொப்பியை மாட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்.

“மார்னி, உன் பத்திரிகையில ஒரு அச்சுப்பிழை. அதால ஊரே பொய் சொல்லிக்கிட்டிருக்கு. ஒரு திருத்தம் போடும்மா.”

“எங்க பத்திரிகையில அச்சுப்பிழையா?” மார்னிக்குச் சுருக்கென்றது. “நாப்பது வருஷமா இடாதான் மெய்ப்பு பார்க்கிறாங்க, மிஸ்டர் பெக்மன். ஒரு காற்புள்ளிகூட அவங்க கண்ணுக்குத் தப்பினதில்ல. நீங்களே கேட்டுக்குங்க.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எண்பத்தோரு வயது இடா ஸ்வோபோடா, சிவப்புப் பென்சிலைப் பொறுமையாகக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உங்கள் மேடைப் பேச்சை நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், ரொம்ப நியாயமான பேச்சு என்று முதலில் பாராட்டினாள். அப்புறம் சொன்னாள்:

“அது பிழையில்ல, மிஸ்டர் பெக்மன், நான் போட்ட திருத்தம். நாரைங்க 1912-ல எங்க ஊரு பிராட்னாவுல பொறந்துச்சு, 1932-ல உங்க ஊர்க்காரங்கதான் வந்து தூக்கிட்டுப் போனாங்க.”