கட்டுமாவடியில் எடுத்த கல்யாணப் படம்

கேமரா வைத்திருக்கும் தம்பியை நம்பிக் கல்யாணம் வைப்பது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதற்குச் சமம். எங்கள் வீட்டில் அந்த ஓணான் நான்தான்.

தன் கல்யாணத்துக்காகக் குவைத்திலிருந்து வந்த அண்ணன், எனக்கு ஒரு கேமரா வாங்கி வந்தான். நாலு வீடியோ பார்த்துவிட்டு நான் மேதை ஆகிவிட்டேன். மண்டப வாசல் ஃபிளெக்ஸில், ஊரே வைப்பது போலப் பல்லைக் காட்டும் படம் கூடாது. ஆள் கறுப்பாகவும் வானம் மட்டும் தகதகவென்றும் தெரியும் நிழலுருவப் படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முகம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உருவத்தின் ஓரக்கோட்டை வைத்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும். இந்தக் கடைசி விதியை வீட்டில் எல்லோருக்கும் பாடமாகவே நடத்தினேன். (கேட்டவர்கள் பாவம்.)

விடிவதற்குள் கட்டுமாவடிக் கடற்கரைக்குப் போய்விட்டோம். தாலி ஏறாத பெண்ணைத் தனியே அனுப்புவார்களா? காவலுக்கு அண்ணியின் தாய்மாமன் தங்கராசு மாமாவும் வந்தார். கடல்காற்று ஒத்துக்கொள்ளாது என்று தலையில் துண்டைப் போர்த்தியிருந்தார். அண்ணி காரில் தலைவாரிக்கொண்டிருக்கும்போதே சூரியன் எழும்பத் தொடங்கிவிட்டது.

“புள்ள வர்றவரைக்கும் அது எடத்துல நான் நிக்கிறேன் தம்பி. நீங்க வெளிச்சம் பாத்துக்கங்க” என்றார் மாமா.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மணலில் படுத்து எடுத்துத் தள்ளினேன். பிறகு அண்ணி வந்து நின்றார்.

“தாலி கட்டாம கையப் பிடிக்கக் கூடாது. மாப்ள, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க” என்று மாமா, இருவருக்கும் நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம்விட வைத்தார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினேன். ஒன்றே ஒன்று ஆளை அள்ளியது. கைகோத்த ஜோடி, நடுவில் சூரியன், காற்றில் பறக்கும் முந்தானை. யாரிடமும் காட்டாமல் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். (மேதைகள் அபிப்பிராயம் கேட்பதில்லை.)

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், புதுக்கோட்டை மண்டப வாசலில் அந்தப் படம் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக நானும் அதன் பக்கத்திலேயே நின்றேன். பெண்ணழைப்புக் கார் வந்தது. முதலில் இறங்கிய தங்கராசு மாமாவின் மனைவி அண்ணாந்து பார்த்தார்.

“இது எங்க வீட்டுக்காரவுகதானே” என்றார். “அந்த வயித்த எனக்குத் தெரியாதா.”

பறந்தது முந்தானை அல்ல, துண்டு. வாசலில் நின்ற அத்தனை பேரும் ஓரக்கோட்டை வைத்தே மாமாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். என் பாடம் வீண்போகவில்லை.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “எம் பேருக்கு மேல மாமா நிக்கிறாரு. அதக் கழட்டுறவரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

உள்ளே ஐயர் நல்ல நேரம் முடியப்போகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே சவுக்குக் கம்பில் ஏறினேன். ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்ததும், ஃபிளெக்ஸோடு மாமாவின் வயிற்றுக்குள்ளேயே சுருண்டு விழுந்தேன். அதைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் அண்ணி காரைவிட்டு இறங்கினார்.

அண்ணனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இரண்டு காதுகுத்துக்கும் வெளியாள்தான் படம் எடுத்தார். தங்கராசு மாமா வாசலுக்கு வந்தால், அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

“ஏங்க, ஒங்க மூத்த சம்சாரம் வந்துருக்காக. போயி கையப் பிடிச்சுக் கூட்டியாங்க.”

மாமாவும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கூச்சமே இல்லாமல் உள்ளே வருவார்.