தேவையில்லாத ஒரு கண்ணாடி

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவருக்கு ஒரு வியாதி வரும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வராது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

என் அம்மா மூன்றாம் வகுப்போடு முந்திரிக்கொட்டை ஆலைக்கு (எங்கள் பேச்சில் அண்டியாபீஸ்) போனவள். அப்பா கொத்தனார். பெரியப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனி முகாமில் சமையல்காரராக இருந்து திரும்பியவர். இந்தக் குடும்பத்தில் நான் எம்.எஸ்.சி. இயற்பியல், பி.எட். மிக்ஸி நின்றாலும், ரேஷன் கார்டில் பெயர் பிழையானாலும், கோழி சுருண்டு படுத்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். (கோழி செத்துப்போனது.)

எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் கிடையாது. அதற்குப் பெரியப்பாதான் காரணம் என்பது அம்மாவின் தீராத குற்றச்சாட்டு. அம்மா, அப்பா கல்யாணத்துக்கு விடுமுறையில் வந்த பெரியப்பா, "கல்ஃப் கேமரா இருக்கும்போ ஸ்டூடியோக்காரன் என்னத்துக்கு?" என்று, பேசிவைத்திருந்த போட்டோக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோவிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) ஆராதனை தொடங்கி பந்தியில் கடைசி ஆள் கைகழுவியது வரை ஓடி ஓடிப் படம் எடுத்தார். பிலிம் சுருளை வளைகுடாவுக்கே எடுத்துப்போய்க் கழுவி, அடுத்த விடுமுறையில் கொண்டுவந்தார். வந்தவை படங்கள் அல்ல. அட்டைச் சட்டத்துக்குள் ஒட்டிய சின்னச்சின்ன பிலிம் துண்டுகள். கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பிலிமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார் பெரியப்பா. அது ஸ்லைடு பிலிம். நாகர்கோவில் ஸ்டூடியோவில் காட்டியபோது, "இதைச் சுவரில் போட்டுப் பார்க்கத் தனி மெஷின் வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவை ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

அம்மாவுக்குத் தன் கல்யாணப் படம் இல்லையே என்று வருத்தமில்லை. வருத்தம் வேறு. அவளுடைய அப்பா, பனையேறி, அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மழைக்காலத்திலேயே இறந்துபோனார். அவருக்கு ஒரு படம்கூட இல்லை. கேமராவைக் கண்டால் நகர்ந்துவிடுகிற மனிதராம். ஆனால் அந்த ஸ்லைடுகளில் ஒன்றில், ஓரத்தில் அவர் நிற்கிறார். அம்மா அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதை நான் சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறேன். "ஆளு நிக்குது. மொகம் தெரியல்ல" என்று சொல்லித் திரும்ப டின்னில் வைப்பாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த புதிதில், ஆய்வகத்தின் பின்னறையில் ஒரு பழைய ஸ்லைடு மெஷினைக் கண்டேன். தலைமையாசிரியையிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். அந்த வாரம் அம்மா, அப்பாவின் கல்யாண நாள். பெரியப்பாவையும், அப்பாவின் தங்கையான அத்தையையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, சாப்பிட்டு முடித்ததும் படம் காட்டுவது என் திட்டம்.

"முதல்ல ஸ்டூடியோல குடுத்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வை" என்று மஸ்கட்டிலிருந்து பெரியப்பா மகன் வாட்ஸப் அனுப்பினான். வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிதாய்த் தாத்தாவைக் காட்டப்போகிறவளிடம் இவன் என்ன ஸ்கேன் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் மெஷினைக் கழற்றித் துடைத்தேன். விளக்குக்கும் ஸ்லைடு வைக்கும் இடத்துக்கும் நடுவில், இளம்பச்சையாய்த் தடித்த ஒரு கண்ணாடி இருந்தது. வளைவு இல்லை, லென்ஸ் அல்ல. வெளிச்சத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் இருப்பதாக எனக்குப் படவில்லை. கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தேன்.

அப்பா அதை எடுத்துப் பார்த்தார். "இந்தச் சில்லு எதுக்குள்ளது மக்கா?"

"அது தேவையில்லாததுப்பா."

"பின்ன எதுக்கு அவன் கெட்டிப் பிடிச்சு வெச்சான்?"

"அந்தக் காலத்து டிசைன்" என்றேன். அப்பா மரியாதையோடு அதை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்று தெரியாதபோதெல்லாம் 'அந்தக் காலத்து' என்று சேர்த்துக்கொண்டால் பதிலாகிவிடும் என்பது நான் கல்லூரியில் கற்ற பாடங்களில் ஒன்று.

ஞாயிறு, கோவில் முடிந்து வந்து சாப்பிட்டோம். ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். பெரியப்பாவின் இரட்டை வேட்டியைச் சுவரில் ஆணியடித்துத் தரைவரை தொங்கவிட்டோம். எல்லோருடைய செல்போன்களையும் வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "வெளிச்சம் வரும். கவனமும் சிதறும்" என்றேன். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாக்கியம்.

அம்மா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோவிலுக்குக் கட்டிய சேலையை மாற்றி, அதைவிட நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தாள். தலையையும் திரும்ப வாரியிருந்தாள். வெகுநாள் கழித்து வருகிற ஒருவரை ரயிலடிக்குப் போய் அழைத்துவரக் கிளம்பியவள் மாதிரி இருந்தது அவள் இருப்பு.

முதல் ஸ்லைடு ஒரு ஒட்டகம். நான்கு காலும் வானத்தைப் பார்த்து நின்றது.

"ஏட்டி, கல்ஃப்ல ஒட்டகம் இப்படியாக்கும் நடக்கிறது?" என்றாள் அத்தை.

"சிரிக்காதே. அதைப் பிடிச்சு நிறுத்திப் படம் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா.

குவிலென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்று விளக்கிவிட்டு, ஸ்லைடை எடுத்துத் தோசையைப் புரட்டுவதுபோல மேல்பக்கம் கீழாகப் புரட்டிச் செருகினேன். ஒட்டகம் நேராக நின்றது. எல்லா ஸ்லைடுகளையும் அப்படியே புரட்டி அடுக்கிவைத்தேன். ஒட்டகத்துக்கு இடது, வலது என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பிறகு கல்யாணம் வந்தது. பாதி ஸ்லைடுகளில் பூஞ்சை பூத்திருந்தது. மற்றவற்றில் மணப்பெண் குனிந்த தலை நிமிரவில்லை. உச்சி வகிடும் தலையில் போட்ட வெள்ளை நெட்டும்தான் தெரிந்தன. கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

அத்தை முன்னால் குனிந்து பார்த்தாள். "ஏட்டி, எல்லாருக்கும் முந்தானை என்ன வலது தோள்ல கெடக்கு?"

"அந்தக் காலத்துல அப்படி ஒரு ஃபேஷன் இருந்திருக்கும் அத்தை."

"அந்தக் காலத்துல நானாக்கும் இருந்தது. நீ இல்ல."

அப்பாவும் சேர்ந்துகொண்டார். "நான் எப்பம் மக்கா வலது கையில வாட்ச் கெட்டினேன்?"

"புதுசா வாங்கினதுல எந்தக் கைன்னு தெரியாம கட்டியிருப்பீங்க."

"இருக்கும்" என்றார் அப்பா, தன் இரண்டு மணிக்கட்டுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு.

அடுத்ததுதான் அந்த ஸ்லைடு. நடுவில் மணப்பெண், அதில் மட்டும் தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கிறாள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் அப்பா. ஓரத்தில், கூட்டத்திலிருந்து ஓரடி விலகி, தோளில் துண்டோடு ஒருவர். இடது புருவம் பாதியில் அறுந்திருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இது எனக்க அப்பா இல்ல" என்றாள்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன யாரு? நானாக்கும் அவரைப் பிடிச்சு அங்கன நிறுத்தினது. இத்தனை காலம் படம் இல்லேன்னு ஏசினா. படம் வந்தா ஆளு இல்லேங்கா."

"அவரைப் போலத்தான் இருக்கு. ஆனா இல்ல. எனக்க அப்பாவுக்குப் பாளை சீவுற அருவா பட்டது வலது புருவத்திலயாக்கும். ராத்திரி எண்ணெய் போட்டுக் குடுத்தது நானாக்கும்."

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. மெஷின் பக்கத்தில் எழுந்து நின்று, மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். நாளாக ஆக இடமும் வலமும் மூளையில் குழம்பிப்போகும் என்றேன். படம் பொய் சொல்லாது, மனசுதான் சொல்லும் என்றேன். பின்னால் உட்கார்ந்து கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன், அவ்வளவு அழகாகப் பேசினேன்.

அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தன் வலது புருவத்தை விரலால் தடவினாள். பிறகு இடதை. "செரி மக்கா. நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா அப்படித்தான் இருக்கும். நான்தான் மறந்துட்டேன்போல" என்றாள்.

அந்தக் குரலை இன்றும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தன் அப்பாவைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் புருவம் ஒன்றுதான். அதை எடுத்து என் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன்.

அப்போதுதான் வேட்டியில் மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு பழுப்புப் பொட்டைக் கண்டேன். (எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அதனால்தான் உடனே கண்ணில் பட்டது.) பொட்டு பெருத்தது. கன்னத்துக்கு இறங்கியது. கொப்புளமாகக் குமிழ்ந்தது.

"ஏட்டி, கரியுது" என்றாள் அத்தை.

அந்தப் பச்சைக் கண்ணாடியின் வேலை என்னவென்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. விளக்கின் வெப்பத்தைத் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் விடுவது. இருந்த ஒரே வேலை அதுதான். அது ஜன்னல் திட்டில் ஜமுக்காளத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

ஸ்லைடைப் பிடுங்கினேன். விரல் சுட்டுக் கீழே போட்டேன். வேட்டியில் வெறும் வெள்ளை வெளிச்சம். தடவி எடுத்து, எவ்வளவு போயிற்று என்று பார்க்கிற பதற்றத்தில், எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று யோசிக்காமல் திரும்பச் செருகினேன்.

மணப்பெண்ணின் முகம் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே வெள்ளை வெளிச்சம். சேலை இருக்கிறது, மாலை இருக்கிறது, முகம் இல்லை. அம்மா நிமிர்ந்து பார்த்த ஒரே படம்.

நான் அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

"இப்பம் செரி" என்றாள் அம்மா. "இதாக்கும் எனக்க அப்பா."

பார்த்தேன். அறுந்த புருவம் வலது பக்கம் இருந்தது. முந்தானைகள் எல்லாம் இடது தோளுக்கு வந்திருந்தன. அப்பாவின் வாட்ச் இடது கைக்குத் திரும்பியிருந்தது. லென்ஸ் மேல்கீழை மட்டுமல்ல, இடவலத்தையும் மாற்றும். ஸ்லைடைத் தோசைபோலப் புரட்டாமல், வண்டி ஸ்டியரிங்கைப்போல வட்டமாகத் திருப்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற பாடம். பதற்றத்தில் கை தானாகச் சரியாக வைத்ததை, அறிவோடு இருந்தபோது தவறாக வைத்திருந்தேன்.

"அம்மா, உன் முகம் போச்சே" என்றேன்.

"எனக்க மொகத்த நான் தெனமும் கண்ணாடில பாக்கேன். அவரையில்லா பாக்க வழியில்லாம இருந்துது."

சொல்லிக்கொண்டே எழுந்து வேட்டியருகே போனாள். ஓரத்தில் நிற்கிறவரை நெருங்கிப் பார்க்க, நடுவே கடந்துபோனாள். பெரியப்பா, "அங்கனயே நில்லு. திரும்பு" என்று சத்தம் போட்டார். அம்மா என்னவோ ஏதோ என்று திரும்பினாள். மணப்பெண்ணின் சேலையும் மாலையும் அவள்மேல் விழுந்தன. ஓட்டையின் வெள்ளை வெளிச்சம் சரியாக அவள் முகத்தில் விழுந்தது.

அத்தைதான் சுதாரித்தாள். "ஏட்டி, அந்த அலமாரிச் சாவியத் தா." இம்முறை நான் ஒன்றும் விளக்காமல் கொடுத்தேன். போனை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தாள். அதற்குள் ஓட்டையின் ஓரம் மறுபடியும் சுருள ஆரம்பிக்க, அப்பா போய் ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

கருகிய ஸ்லைடை ஸ்டூடியோவில் கொடுத்துத் தாத்தாவைத் தனியாகப் பெரிதாக்கி வாங்கினோம். அறுந்த வலது புருவத்தோடு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருக்கிறார். ஆனால் முன்னறையில் மாட்டியிருப்பது அத்தை எடுத்த படம். அதில் மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயது. மணப்பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேல். முதல் முறை வருகிறவர்கள் தயங்கித் தயங்கி, "பக்கத்துல நிக்கிறது மாப்பிள்ளைக்க அம்மாவா?" என்று கேட்பார்கள். "கல்யாணம் நடக்கக் கொஞ்சம் தாமசமாயிப் போச்சு" என்பார் அப்பா.

நான் எதையாவது தேவையில்லை என்று சொல்லிவிட்டால் போதும், "பச்சைக் கண்ணாடியப் போல உள்ள தேவையில்லாததா?" என்று அத்தை ஆரம்பித்துவிடுவாள். பெரியப்பாவுக்கு மட்டும் பெரிய நிம்மதி. கல்யாணப் படத்தைக் கெடுத்தவர் என்ற பட்டம் அவரைவிட்டு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அம்மா படத்தின் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, கேட்பவர்கள் மரியாதையாக நிமிர்ந்து உட்காரும் குரலில் முடிப்பாள்:

"எனக்க மொகத்த எரிச்சது இவளாக்கும். எம்.எஸ்.சி. பிசிக்ஸ்."