நாற்பத்தோராவது உறை

முகத்தைப் பார்க்காமலே ஒருத்தன் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர் புனேயில் ஒரே ஆள்தான் இருந்தார்: எங்கள் லேபின் பஞ்சு அண்ணாச்சி. சிகரெட்டை அவர் வாயால் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருஷம், ஊரார் பிடித்துப் போட்ட துண்டுகளோடுதான் குடித்தனம். வாயில் வைக்கும் பஞ்சு முனையை வெட்டி, ஊறவைத்து, அதில் தங்கிய நிகோடினையும் தாரையும் அளந்து, பிடித்தவனுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று சொல்லிவிடுவார்.

லேபுக்குப் பக்கத்தில் கட்கி பேட்டை டீக்கடையில்கூட சட்டைப்பையிலிருந்து இடுக்கி வெளியே வரும். "பஞ்சை எப்படிக் கடிச்சு வச்சிருக்கான் பாருலே. வீட்ல சண்டை." துண்டுக்குச் சொந்தக்காரன் பக்கத்திலேயே நின்று முறைப்பான். அண்ணாச்சி அவனுக்கும் ஒரு டீ சொல்வார்.

ஒருமுறை, ஒரே ஆள் பிடித்த துண்டுகளை எங்கள் லேபுக்கும் வெளியூர் லேப் இரண்டுக்கும் பிரித்தனுப்பி, மூன்று கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை வந்தது. நாற்பது பேர், நாற்பது உறை. "என் நம்பர் ஒத்துப் போகலேன்னா இந்த இடுக்கியைத் தொடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

உறைகளுக்கு எண் போடும் கிளார்க் நான். அப்போது எனக்கு ஓயாத இருமல். டாக்டரிடம் போகப் பயம். மனுஷன் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால்? அதனால் என் துண்டுகளையும் நாற்பத்தொன்று என்று எழுதி மூன்று லேபின் கட்டிலும் நைசாகச் செருகிவிட்டேன். பெயர்ப் பட்டியலும் என் கையில்தான்; யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் லேபின் கணக்கு முதலில் வந்தது. நாற்பத்தொன்றுதான் எல்லாருக்கும் மேலே. பஸ் பிடித்துக் கடக்வாஸ்லா போய், அணைக்கரையில் அரை நாள் சுத்தமான காற்றை இழுத்தேன். பயம் தாங்காமல் நடுவில் மூன்று சிகரெட்டும் இழுத்தேன்.

அடுத்த வாரம் மற்ற இரண்டு லேபிலிருந்தும் வந்தது. நாற்பதும் அச்சாக ஒத்துப்போயின. நாற்பத்தொன்று மட்டும் அவர்களிடம் பாதிதான். ஆபீஸ் முழுக்கப் பால்பேடா கொடுத்தேன். கேட்டவர்களிடம் பிறந்தநாள் என்றேன்.

பெரிய சாஹேப் அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார். "வோஹி நம்பர் ஹை சாப்." அதே நம்பர்தான் என்று மூன்று தடவையும் அதே பதில். கண்ணாடிக் குப்பி கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் இளித்தேன். "கை தவறிருச்சா அண்ணாச்சி?"

"நாப்பத்தொண்ணு உன்னோடதுதானலே? உன் கோணப்பல்லுத் தடம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்த நம்பர்?"

"நான்தான் ரெட்டிச்சு எழுதுனேன். பயந்தாவது நீ சிகரெட்டை விடுவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா பேடா குடுக்கே."

"நான் சாஹேப்கிட்ட சொல்லிடுறேன்."

"சும்மா கெடலே. உன் சீட்டும் கிழியும்."

சும்மா கிடந்தேன். அவ்வளவு தைரியசாலி. ஓய்வு பெறும்வரை அவர் குப்பிதான் கழுவினார்.

போன மழைக்காலத்தில், சாவதற்குச் சில நாள் முன்பு, கட்கி வீட்டுக் கட்டிலில் மூச்சு வாங்கப் படுத்திருந்தார்.

"விட்டுட்டியாலே?"

"எப்பவோ விட்டாச்சு அண்ணாச்சி." தெருமுனையில் ஒன்றை மிதித்து அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

என் விரல்களை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷ மூக்கு.

"வாசனையே இல்லலே" என்றார். கையை விடாமலே கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்காக அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.