படகுத்துறை நாய்க்கு ஒரு நட்சத்திரம்

ஹல்மார் லேக், மினசோட்டா
மார்ச் 21

அன்பும் மதிப்பும் மிக்க ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி மெர்ல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெர்னாவும் நலம். வினிஃப்ரெடும் நலம், இடது காதில் மட்டும் கொஞ்சம் அரிப்பு. அரிசோனா வெயிலில் உன் முழங்கால் இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று எழுது. இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது, முற்றத்தில் போன நவம்பரில் தொலைந்த மண்வெட்டி கிடைத்துவிட்டது.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ, "ஏன்டா, நீயும் கன்னரும் பேசிக்கறதில்லையாமே, ஒரு நாய்ப் படத்துக்காகவா?" என்று கேட்டாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்ல எனக்குக் காகிதம் தேவைப்பட்டது. முப்பத்து நான்கு வருஷம் தபால் கொடுத்தவன் வேறு எப்படி இருப்பான்?

போன ஆகஸ்டில் "வாயுள்ள நாய்கள்" படத்தின் இரண்டாம் பாகம் எடுக்க எங்கள் ஏரிக்கு ஒரு கூட்டம் வந்தது உனக்குத் தெரியும். முதல் பாகத்தில் ஒரு வீட்டு நாய்கள் மூன்று நகரத்தில் பேசின, இதில் விடுமுறைக்கு வந்து ஏரிக்கரையில் பேசுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். படகுத்துறையில் உட்கார உள்ளூர் நாய் ஒன்று வேண்டும் என்றார்கள். முதலில் கன்னர் ஆசன் தன் செட்டர் நாயைக் கூட்டிக்கொண்டு போனான். அது கேமராவைக் கண்டதும் ஏரியில் குதித்து, நனைந்து வந்து, டைரக்டர் மேல் உதறிவிட்டது. அடுத்தது எங்கள் வினிஃப்ரெட். குட்டைக் கால் பாசெட் நாய், ஒன்பது வயது, உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள், அவளை எழுப்புவதுதான் கஷ்டம். அவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் அவள் படகுத்துறையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி மென்றாள். அதற்குப் பதிலாக எங்களுக்குப் புகையில் வாட்டிய முழுப் பன்றித் தொடை ஒன்று கொடுத்தார்கள். அதில் பாதியைத் தின்றது கன்னர். இதை நினைவில் வைத்துக்கொள், அக்கா, நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன், எல்லாம் அதனால் வந்த வினை.

பிப்ரவரி கடைசியில் படம் எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டை நான் போட்டுக்கொண்டேன். ஊரே வந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வினிஃப்ரெட் வந்தாள், திரை முழுக்க அவள் முகம், காதுகள் காற்றில் ஆட, கைதட்டல் கூரையைப் பிளந்தது. அப்புறம் அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆண்பிள்ளைக் குரல். சரளைக்கல் ஏற்றிய லாரி மாதிரி ஒரு குரல். "என் சாண்ட்விச்சை எவன்டா எடுத்தான்?" என்றது. படத்தில் அவளுக்குப் பெயர் டோனி. அவள் ஒரு திருடன். ஊர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வினிஃப்ரெடுக்கு ஏற்கெனவே ஒரு குரல் உண்டு. ஒன்பது வருஷமாக வெர்னாதான் அவளுக்காகப் பேசிவருகிறாள், மெல்லிய, நாகரிகமான, தேநீர்க் கோப்பையைச் சுண்டு விரல் நீட்டிப் பிடிக்கிற பெண்மணியின் குரல். நான் சமையலறைக்குள் நுழைந்தால் மேஜைக்கு அடியிலிருந்து, "மிஸ்டர் டோலஃப்சன், பூட்ஸைக் கழட்டிட்டு வர்றீங்களா? தரை இப்பதான் துடைச்சது" என்று வரும். "மிஸ்டர் டோலஃப்சன், நாளைக்கு மிஸஸ் டோலஃப்சனோட பிறந்தநாள், சொன்னது நான்னு காட்டிக்காதீங்க" என்று வரும். நானும் நாயிடம்தான் பதில் சொல்வேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் எல்லாம் அப்படித்தான் முடிவாயின. படம் பார்த்து வந்த நாளிலிருந்து அந்தக் குரல் நின்றுபோனது. அதை உடனே நான் கவனிக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாள் பூட்ஸோடு சமையலறைக்குள் நடந்த பிறகுதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று உறைத்தது.

வீடு அமைதியாகிவிட்டதால் நான் நூலகத்துக்குப் போனேன். நூலகர் மிஸ் கார்லிஸ் நல்ல எண்ணத்தோடு, "படத்தைப் பத்தி நாடு பூராவும் ஜனங்க எழுதியிருக்காங்க மிஸ்டர் டோலஃப்சன், பாக்கறீங்களா?" என்று கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பார்வையாளர் கருத்துகள், இருநூற்றுப் பன்னிரண்டு. அக்கா, அத்தனையையும் படித்தேன். ஓஹையோவில் ஒரு அம்மா, "முதல் பாகத்தில் நாய்கள் ஏன் பேசுகின்றன என்று சொன்னார்கள், இதில் ஏன் நிறுத்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தார். ஒரு தகப்பன், "என் நான்கு வயது மகள் ஐந்து நட்சத்திரம், நான் ஒன்று, ஆக மூன்று" என்று போட்டிருந்தார். ஒருவர் பாப்கார்னில் உப்பு அதிகம் என்று ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்திருந்தார். இன்னொருவர் படத்தையே பார்க்கவில்லையாம், பூனைகளை வைத்து எடுத்தால் பார்ப்பாராம். "படகுத்துறையில் இருக்கும் அந்தக் குண்டன் ஒருவனுக்குத்தான் நடிக்கத் தெரிந்திருக்கிறது" என்று டல்சா நகரத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்து எனக்குப் பெருமையும் வந்தது, கோபமும் வந்தது.

வந்த தபாலுக்குப் பதில் போகாமல் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கணினியில் எப்படிப் பதில் எழுதுவது என்று மிஸ் கார்லிஸிடம் கற்றுக்கொண்டு, வீட்டுக்கும் ஒன்றை இரவல் வாங்கி வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுத ஆரம்பித்தேன். "மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் குறிப்பிடும் குண்டன் ஆண் அல்ல, மருத்துவர் கணக்குப்படி குண்டும் அல்ல. இப்படிக்கு, மெர்ல் டோலஃப்சன்." வாயசைவு வசனத்தோடு ஒட்டவில்லை என்றவருக்கு, அப்போது வாயில் பாலாடைக்கட்டி இருந்ததை விளக்கினேன். உப்புக்காரருக்குத் தியேட்டர்காரரிடம் சொல்லச் சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "தாத்தா, போய்த் தூங்குங்க" என்றார். அவருக்கும் நன்றி எழுதினேன்.

இருநூற்றுப் பதின்மூன்றாவது கருத்து மறுநாள் வந்தது. ஒரே நட்சத்திரம். "படகுத்துறை நாய் நடிக்கவில்லை, தூங்குகிறது. ஒரு பன்றித் தொடைக்காக அதைச் சினிமாவுக்கு அனுப்பிய வீட்டார் வெட்கப்பட வேண்டும்." கீழே பெயர் "ஏரிக்கரைவாசி". தொடை விஷயம் டல்சா மாதிரி தூரத்து ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது எனக்கு, வெர்னாவுக்கு, பாதியைத் தின்ற கன்னருக்கு. அவன் நாயைத்தான் வேண்டாம் என்றார்களே, பொறாமை, வேறென்ன?

மறுநாள் காலை ஏரிக்குப் போனேன். பனிக்கட்டி மேல் எங்கள் மீன்பிடிக் குடில் இருக்கிறதே, அதை இருபத்தாறு வருஷம் முன்னால் நானும் அவனும் சேர்ந்து கட்டினோம். அவன் பனிக்கட்டியில் போட்ட ஓட்டைக்கு எதிரே தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன்.

"கன்னர், ஒரு நட்சத்திரம்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"ஷெரீஃப் சட்டைல குத்தியிருப்பாரே, அதுவா?"

"கம்ப்யூட்டர்ல."

"என்கிட்ட ரேடியோவே பாதிதான் வேலை செய்யுது. கம்ப்யூட்டருக்கு எங்க போறது?"

"நூலகத்துல இருக்கு. நீ போறே. நான் பாத்திருக்கேன்."

"குளிர் காயப் போறேன்டா. என்ன ஆச்சு உனக்கு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, "உன் பொட்டை நாய் ஆம்பளைக் குரல்ல பேசினதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?" என்று சொல்லிச் சிரித்தான், மீன் ஓடுகிற அளவுக்குச் சிரித்தான். நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, "இனிமே இந்தக் குடிசைல கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வினிஃப்ரெடைக் கூட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து கிளம்பினேன். அக்கா, கோபத்தில் கிளம்புகிறவன் பாசெட் நாயோடு கிளம்பக் கூடாது. பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிடுவாள். கரை சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கன்னர் குடில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வழியில், "தூக்கிக்கோடா!" என்று கத்தினான். நான் திரும்பவில்லை.

அப்புறம் இரண்டு வாரம் பேச்சில்லை. மத்தியானம் அவன் வீட்டைத் தாண்டிப் போகும்போது நான் வானத்தைப் பார்ப்பேன், அவன் தபால் பெட்டியைப் பார்ப்பான். இதற்குள் வெயில் ஏறி ஏரிப் பனிக்கட்டி இளக ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் குடிலை ஏரியிலிருந்து எடுக்காவிட்டால் அபராதம் என்று ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அவனையும் அழைத்திருக்கிறார்கள். ஒற்றை ஆளால் நகர்த்த முடியாத குடில் அது. அவன் வந்து கேட்கட்டும் என்று நானும், நான் வந்து கேட்கட்டும் என்று அவனும் இருக்க, சனிக்கிழமை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.  ஆனாலும் கணினி முன்னால் உட்கார்ந்து மிசூரிக்காரர் ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெர்னா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மெர்ல், அதை எழுதினது நான்தான்" என்றாள்.

"எதை?"

"ஒரு நட்சத்திரம். தொடை. வெட்கம். எல்லாம்."

 "ஏன் வெர்னா?" என்று கேட்டேன்.

"ஒன்பது வருஷமா அவளுக்குப் பேசறது யாரு? என்னை ஒரு வார்த்தை கேக்காம வேற குரல் போட்டா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் அவதானே சொல்லுவா?" என்றாள் வெர்னா.

நாங்கள் இருவரும் மேஜைக்கு அடியில் பார்த்தோம். வினிஃப்ரெட் என் பூட்ஸ் மேல் தலை வைத்துக்கொண்டு கிடந்தாள். என்ன தோன்றியதோ, வாழ்நாளில் முதல் தடவையாக நான் அவளுக்காகப் பேசிப் பார்த்தேன். மெல்லிய குரலில்தான் ஆரம்பித்தேன். "மிஸஸ் டோலஃப்சன், இந்த ஆளு ஒரு மடையன், மன்னிச்சிருங்க" என்பதற்குள் தொண்டை கரகரத்து, சாட்சாத் அந்தப் படத்துத் திருடன் டோனியின் குரலாகவே வந்தது. வெர்னா மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது, கொஞ்சம் கம்மிப்போய், ஆனால் அதே குரல். "மிஸ்டர் டோலஃப்சன், போய் மிஸ்டர் ஆசனைக் கூப்பிடுங்க. ஏரி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அப்புறம் அந்த பூட்ஸ்."

கன்னர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் கையில் ஏற்கெனவே கயிறு இருந்தது.

"கன்னர், மன்னிப்பு கேக்க வந்தேன்."

"குடிசையை இழுத்துப் போட்டுட்டுக் கேளு. கடப்பாரை எங்க?"

குடிலுக்கு அடியில் உள்ள சறுக்குக் கட்டைகள் நான்கும் பனிக்கட்டியோடு உறைந்து ஒட்டியிருந்தன. இரண்டு மணி நேரம் குத்தினோம். அவன் இழுக்க, நான் தள்ள, காலடியில் பனிக்கட்டி விரிகிற சத்தம் கேட்டது, துணி கிழிகிற மாதிரி. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். "நீ மெலிஞ்சவன், நீ முன்னாடி போ" என்றான் கன்னர். இருபத்தாறு வருஷத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஒரு வழியாகக் கரையேற்றினோம். பின்பக்கச் சுவர் உடைந்தது, என் இடது பூட்ஸ் ஏரிக்குப் போனது. கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் ஏரியைப் பார்த்தபடி சொன்னான், "நான் அந்தப் படத்தை மூணு தடவை பாத்தேன்டா."

"எதுக்கு?"

"வேற எதுக்கு? நம்ம ஊர்ல வேற யாரு சினிமால வந்திருக்கா?"

அக்கா, அங்கேயே அவனிடம் மன்னிப்பு கேட்டேன். இந்த விவகாரம் இதோடு தீர்ந்தது. கணினியை மிஸ் கார்லிஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி யார் என்ன கருத்துச் சொன்னாலும் நான் பதில் எழுதப் போவதில்லை. வெர்னாவின் மனம் எவ்வளவு நொந்திருந்தது என்பதை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்ற வெட்கம் மட்டும் எனக்கு உண்டு. அவளிடம் நீ இதைப் பற்றி ஒன்றும் கேட்டு வைக்காதே, இன்னும் அந்தப் புண் ஆறவில்லை.

உன் தோட்டத்துக்குத் தண்ணீரும் உன் முழங்காலுக்குச் சுகமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உன் கீழ்ப்படிந்த தம்பி,
மெர்ல்

பின்குறிப்பு (வெர்னா எழுதுவது): அண்ணி, இதை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு மெர்ல் கன்னரோடு குடிலின் சுவரைச் சரிசெய்யப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். அந்த ஒரு நட்சத்திரத்தைப் போட்டது நான் இல்லை. யார் என்று எனக்குத் தெரியாது, தொடை விஷயம் கசாப்புக் கடை வரைக்கும் தெரியும். குரல் நின்றது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அதை மெர்ல் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் சமையல் மேஜையில் உட்கார்ந்து, நாடு முழுக்க இருக்கிறவர்களுக்கு நாய்க்காகப் பதில் எழுதிக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் குற்றத்தை ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. ஐந்து நட்சத்திரம் போடலாம் என்றிருக்கிறேன், எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். கடிதத்தை என் பெயருக்குப் போடுங்கள்.