செங்கேணிக் காகம் கண்டெடுத்த சீப்பு

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது. நிர்வாகத்தை நரி பார்த்துக்கொண்டது. குகை வாசலில் உதிரும் சருகுகளைப் பொறுக்குவது காகங்களின் வேலை. பொழுது சாய்ந்தால் ஆளுக்கொரு கறித்துண்டு கூலி.

அவற்றில் செங்கேணி என்ற காகத்தின் கூட்டில் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. அருவியில் குளிக்க வந்த யாரோ விட்டுப்போன சீப்பு ஒன்று அதற்குக் கிடைத்தது. அலகில் கவ்வி இழுத்தால் சருகு கும்பலாக வந்தது. அதன் பங்கு வேலை உச்சிப்பொழுதுக்குள் தீர்ந்துவிட்டது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. சாயங்காலம் வரைக்கும் சும்மா குனிஞ்சு நிமிந்துட்டு வா," என்றது அதன் மனைவி பாக்கியம்.

"காக்காயாப் பொறந்துட்டு, நல்லது கிடைச்சா நாலு பேரைக் கூப்பிடாம இருக்க முடியுமா?"

கூப்பிட்டது. அருவிக்கரையில் சீப்புக்கா பஞ்சம்? மறுநாள் வெயில் ஏறும் முன்பே வாசல் பளிச்சென்று ஆகிவிட்டது. காகங்கள் கிளையில் அமர்ந்து இறகு கோதின.

நரி வந்து பார்த்தது. "பிரமாதம்! ராஜாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

"கூலி கூடுமா ஐயா?" என்றது செங்கேணி.

"கூடும். ஒரு காக்காய்க்கு. மத்தவங்க நாளையிலேருந்து வரவேண்டாம்."

"அந்த ஒண்ணு நான்தானே?"

"நீ யோசிக்கிற ஆளுப்பா. உன்னை வெச்சிருந்தா நாளைக்கு நரி எதுக்குன்னு ராஜா கேட்பாரு."

ஆனாலும் சிங்கம் இரக்கமுள்ளது. வேலை போன காகங்களுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஒரு சருகைக்கூடத் தொட்டறியாத குயில்தான் ஆசிரியர். குரல் இனிமை என்று நரியே தேர்ந்தெடுத்தது. அந்தக் குயிலும் போன வருடம் செங்கேணியின் கூட்டில் வளர்ந்ததுதான்.

முன்வரிசையில் இருந்த செங்கேணியிடம் குயில் கனிவாகக் கேட்டது: "பெரியவரே, இதுக்கு முன்னாடி சீப்பைப் பார்த்திருக்கீங்களா?"

வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு பாறைமேல் யாரோ விட்டுப்போன இட்லிப் பொட்டலம் கிடந்தது. தலைக்கு மேல் தன் கூட்டம் பசியோடு பறந்துகொண்டிருந்தது. செங்கேணி அலகைத் திறந்தது. குஞ்சுகளின் நினைவு வந்தது. சத்தமில்லாமல் மூடிக்கொண்டு, பொட்டலத்தைக் கவ்விப் புதர் வழியாகக் கூட்டுக்கு நடந்தது.

நீதி: வேலையைச் சீக்கிரம் முடிக்க வழி தெரிந்தவர்கள், மாலைவரை வியர்ப்பதற்கும் ஒரு வழி தெரிந்துகொள்ள வேண்டும்.